ஜப்பானிய இலக்கியம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: எதில் ஆரம்பிப்பது, எந்த மொழிபெயர்ப்பை வாங்குவது, எவ்வளவு செலவாகும்

‘ஜப்பானிய இலக்கியத்தில் யாரைப் படிக்கலாம்?’ என்று கேட்டால் பத்துப் பெயர் சொல்ல ஆள் உண்டு. ஆனால் முதலில் எதை எடுப்பது, நான்கு மொழிபெயர்ப்புகள் இருந்தால் எது நமக்கானது, கடையில் இல்லையென்றால் எங்கே தேடுவது என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். நான் இதையெல்லாம் கேட்க ஆளில்லாமல், காசும் நேரமும் செலவழித்து, தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். ஜப்பானிய மொழி தெரியாத, ஆங்கிலத்திலோ தமிழிலோ படிக்கப்போகிற வாசகரை நினைத்து இதை எழுதுகிறேன். ஆங்கில நூல்களைத் தேடும்போது ஆங்கிலத் தலைப்புதான் கைகொடுக்கும் என்பதால், அதையே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

1. நாவலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சிறுகதையில் தொடங்குங்கள்

முதல் கதையாக நான் எல்லோருக்கும் சொல்வது அகுதாகவா ரியுனோசுகேயின் ‘இன் எ குரோவ்’. 1922இல் வந்த கதை. நீளம் மிகக் குறைவு, ஒரே அமர்வில் முடியும். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். படம் பெயரை வேறொரு கதையிலிருந்து எடுத்துக்கொண்டது, கொலை விவகாரம் மட்டும் இந்தக் கதையிலிருந்து வந்தது.

இதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் தோப்பில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். ஏழு பேர் பேசுகிறார்கள். விறகுவெட்டி, வழிப்போக்கரான துறவி, திருடனைப் பிடித்த காவல் ஆள், இறந்தவனின் மாமியார் ஆகிய நால்வரும் முதலில் சாட்சி சொல்கிறார்கள். அப்புறம் கொள்ளைக்காரன் தஜோமாரு, இறந்தவனின் மனைவி, கடைசியாக ஓர் ஆவியாடும் பெண்ணின் வாய்வழியாக இறந்தவனே. கடைசி மூவரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், மூவருமே ‘நான்தான் அந்த உயிரை எடுத்தேன்’ என்கிறார்கள். கயிறு, சீப்பு, வாள், குறுவாள் இந்த நான்கும் ஒவ்வொருவர் பேச்சிலும் எங்கே இருக்கின்றன, எங்கே காணாமல் போகின்றன என்று தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். முக்கியமாக, இறந்தவன் பேச்சின் கடைசி வரிகளில் அந்தக் குறுவாளுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு முதல் சாட்சிக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படியுங்கள். இந்த எழுத்து எதைச் சொல்லாமல் விடுகிறது, அதை வாசகர் எப்படிப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்க வேண்டியது பெங்குவின் 2006இல் வெளியிட்ட, ஜே ரூபின் மொழிபெயர்த்த ‘ரஷோமோன் அண்ட் செவன்டீன் அதர் ஸ்டோரீஸ்’. முரகாமி ஹருகியின் முன்னுரை அதில் இருக்கிறது. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். கதைகளைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதல்ல.

ஒரே எழுத்தாளர் வேண்டாம், பலரையும் ருசி பார்க்கவேண்டும் என்றால் அதே ஜே ரூபின் தொகுத்த ‘தி பெங்குவின் புக் ஆஃப் ஜாப்பனீஸ் ஷார்ட் ஸ்டோரீஸ்’ இருக்கிறது. 2018இல் வந்தது. இந்தத் தொகுப்பு கால வரிசையில் அடுக்கப்படவில்லை. அச்சம், இயற்கையும் நினைவும், பேரழிவு என்று பொருள்வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் முதல் பக்கத்திலிருந்து படித்தாக வேண்டும் என்று இல்லை. பிடித்த பகுதியில் நுழையுங்கள்.

2. மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மொழிபெயர்ப்பு இலக்கியத்தில் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்ப்பாளர் எழுதியது. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அட்டையைத் திருப்பி, பதிப்புரிமை விவரம் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். மொழிபெயர்த்தவர் யார், எந்த ஆண்டு, முழுமையானதா சுருக்கமா என்ற விவரங்கள் அங்கே இருக்கவேண்டும்.

நட்சுமே சோசெகியின் ‘கொகொரோ’வை எடுத்துக்கொள்வோம். 1914இல் எழுதப்பட்டது. எட்வின் மெக்லெல்லன் 1957இல் செய்த மொழிபெயர்ப்பு ஒன்று, மெரிடித் மெக்கின்னி 2010இல் பெங்குவினுக்காகச் செய்தது ஒன்று. இரண்டும் நல்லவை. மெக்லெல்லனின் ஆங்கிலம் அடக்கமானது, இறுக்கமானது. மெக்கின்னியின் ஆங்கிலம் இன்றைய காதுக்குப் பழகியது. புதிதாகத் தொடங்குகிறவர் மெக்கின்னியை எடுக்கலாம். சந்தேகமென்றால் மின்னூல் கடைகளில் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கி, இரண்டிலும் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செலவே இல்லை, அரை மணி நேரம் போதும்.

இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய பொறிகள் சில:

பெயரில்லா மின்னூல்கள். சோசெகி 1916இலும் அகுதாகவா 1927இலும் தசாய் ஒசாமு 1948இலும் இறந்துவிட்டதால் அவர்களுடைய மூலங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் இயந்திர மொழிபெயர்ப்பைப் போட்டு 99 ரூபாய்க்கு விற்கலாம் என்றாகிவிட்டது. அட்டை அழகாக இருக்கும், மொழிபெயர்ப்பாளர் பெயர் மட்டும் எங்குமே இருக்காது. அப்படி ஒன்றை வாங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே பேசுவது ஆணா பெண்ணா என்று குழம்பிப்போயிருந்தது. பெயர் இல்லையென்றால் வாங்கவேண்டாம்.

ஒரே நூல், இரண்டு தலைப்பு. கவகாமி ஹிரோமியின் ஒரே நாவல் அமெரிக்காவில் முதலில் வந்தபோது ‘தி பிரீஃப்கேஸ்’, பிரிட்டனில் ‘ஸ்ட்ரேஞ்ச் வெதர் இன் டோக்கியோ’. தவாடா யோகோவின் ‘தி எமிஸரி’யும் ‘தி லாஸ்ட் சில்ட்ரன் ஆஃப் டோக்கியோ’வும் ஒன்றுதான். புதிது என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரும் கதைச்சுருக்கமும் ஒன்றாக இருந்தால் நூலும் ஒன்றே.

வெட்டப்பட்ட பதிப்புகள். முரகாமியின் ‘தி விண்டப் பேர்ட் கிரானிக்கிள்’ ஜப்பானில் மூன்று பாகமாக வந்தது. ஆங்கிலத்தில் ஒரே புத்தகமாக்கியபோது கணிசமான பக்கங்கள் வெட்டப்பட்டன. அதற்காகப் படிக்காமல் விடவேண்டியதில்லை. ஆனால் சில இழைகள் பாதியில் நிற்பதுபோலத் தோன்றினால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

3. தேடும்போது பெயரைத் திருப்பிப் போடுங்கள்

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள்: நட்சுமே சோசெகி, முரகாமி ஹருகி. பெரும்பாலான ஆங்கிலப் பதிப்புகள் மேற்கத்திய வழக்கப்படி இதைத் திருப்பி ஹருகி முரகாமி என்று போடுகின்றன. நூலகப் பட்டியலில் ஒன்று அப்படி இருக்கும், இன்னொன்று இப்படி இருக்கும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். சோசெகி புனைபெயர் என்பதால் அவரை எல்லோரும் சோசெகி என்றே குறிப்பிடுகிறார்கள், ஆனால் அகரவரிசையில் அவர் நட்சுமே இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

நெடில் உயிருக்கு மேலே கோடு போடும் வழக்கமும் உண்டு. கோடு போட்டும் போடாமலும் தேடிப் பாருங்கள். தமிழில் இன்னும் சிக்கல்: ‘ஸ்னோ கன்ட்ரி’ நாவலை எழுதியவரைக் கவபட்டா, கவாபாட்டா, கவபாத்தா என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். எழுத்தாளர் பெயரில் கிடைக்கவில்லையென்றால் நூலின் பெயரில் தேடுவது மேல்.

4. எங்கே கிடைக்கும், என்ன செலவாகும்

முதலில் செலவில்லாத வழி. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். உட்கார்ந்து படிக்கலாம். ஒரு கதையைப் படித்துப் பார்த்து, பிடித்தால் மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். எழும்பூர் கன்னிமாராவிலோ உங்கள் மாவட்ட மைய நூலகத்திலோ உறுப்பினராகலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, இரண்டு புகைப்படம், எல்லாவற்றுக்கும் நகல் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் அலையவேண்டியிருக்கும். வைப்புத்தொகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வாங்க அது தேவைப்படும். டெல்லியில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: லாஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகமே இருக்கிறது.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் சோசெகியின் ‘போச்சான்’ நாவலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஷிகோகு தீவின் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போகிற ஒரு முன்கோபக்காரனின் கதை. சக ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவன் பட்டப்பெயர் வைப்பது ஒன்றே படிக்கப் போதுமான காரணம். அந்த ஆங்கிலம் நூறாண்டுக்கு மேல் பழையது, கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட ‘க்வைடான்’ பேய்க்கதைகளும் அங்கே உண்டு. அவை மொழிபெயர்ப்பு இல்லை, ஜப்பானில் குடியேறிய அவர் கேட்டதையும் படித்ததையும் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னவை. மழைக்கால இரவுகளுக்கு ஏற்றவை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மூல ஆசிரியரின் காப்புரிமை முடிந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. 2006இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு எங்காவது இலவசக் கோப்பாகக் கிடைத்தால் அது திருட்டுப் பிரதிதான். அந்தக் கோப்புகளில் பக்கம் விடுபட்டிருப்பதும் அத்தியாயம் மாறியிருப்பதும் சகஜம்.

சரி, வாங்குவதென்றால்? பெங்குவின், விண்டேஜ், புஷ்கின் போன்ற பிரிட்டிஷ் பதிப்புகள் நம் ஊரில் பெரும்பாலும் 350 முதல் 600 ரூபாய்க்குள் அடங்கும். அதே நூலின் அமெரிக்கப் பதிப்பை இறக்குமதியில் வாங்கினால் ஆயிரத்தைத் தாண்டிவிடும், வருவதற்கும் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இணையத்தில் விலை மிரட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். பிரிட்டிஷ் பதிப்பு இருக்கிறதா, அதற்கு வேறு தலைப்பா என்று பாருங்கள். ‘தி எமிஸரி’ கட்டுப்படியாகாவிட்டால் ‘தி லாஸ்ட் சில்ட்ரன் ஆஃப் டோக்கியோ’வைத் தேடுவது இப்படித்தான்.

டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ தொடங்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம். தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கு அது சரியான நேரம். ஆங்கில நூல்களுக்கு அங்கே நம்பிப் போகவேண்டாம், நீங்கள் தேடுவது பெரும்பாலும் இருக்காது. முதல் ஆறு மாதத்துக்கு 2,500 ரூபாய் ஒதுக்கினால் ஐந்தாறு நல்ல புத்தகங்கள் கைக்கு வந்துவிடும்.

5. தமிழில் கிடைப்பதை எப்படிப் பார்த்து எடுப்பது

தமிழில் ஜப்பான் புதிதல்ல. பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஹைக்கூ பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். இன்றைக்கு முரகாமியின் நாவல்களும் கதைகளும், கவபட்டாவின் ‘தூங்கும் அழகிகளின் இல்லம்’ போன்றவையும் தமிழில் உண்டு. குரோயனாகி தெத்சுகோவின் ‘டோட்டோ சான்’ நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் குறைந்த விலையில் கிடைக்கும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்.

தமிழில் வருபவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாக வந்தவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து என்று முன்னுரையிலோ உரிமைப் பக்கத்திலோ சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருப்பவர் பொதுவாக மற்ற விஷயங்களிலும் கவனமாக இருக்கிறார் என்பது என் அனுபவம். இன்னொரு சோதனை: உரையாடல் வரும் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். கணவனும் மனைவியும் பேசுவது இரண்டு அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொள்வதுபோலக் கேட்டால், அந்த நூலை ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

6. முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வரிசை

அகுதாகவாவின் கதைகள் முடிந்ததும் முதல் நாவலாக ஒகாவா யோகோவின் ‘தி ஹவுஸ்கீப்பர் அண்ட் தி புரொஃபஸர்’. எண்பது நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காத ஒரு கணிதப் பேராசிரியர், அவர் வீட்டில் வேலைக்கு வரும் பெண், அவளுடைய மகன். எளிமையான நடை, கனமான நூல். கணக்கு பிடிக்காதவர்களும் பயப்படவேண்டாம்.

அடுத்து ‘கொகொரோ’. மூன்று பகுதி கொண்டது. நடுப்பகுதி மெதுவாகப் போகும், அங்கே விட்டுவிடாதீர்கள். மூன்றாம் பகுதி முழுக்க ஒரு நீண்ட கடிதம், அதற்காகத்தான் முன்னால் உள்ள அத்தனையும்.

மூன்றாவதாக முராதா சயாகாவின் ‘கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்’. மெலிந்த புத்தகம், இரண்டு மாலைப் பொழுது போதும். சோசெகிக்கும் முராதாவுக்கும் இடையே நூறாண்டு ஓடியிருக்கிறது, அந்தத் தூரத்தை அடுத்தடுத்துப் படிக்கும்போது உணரலாம்.

பிறகு கவபட்டாவின் ‘ஸ்னோ கன்ட்ரி’, அபே கோபோவின் ‘தி வுமன் இன் தி ட்யூன்ஸ்’ என்று போகலாம். எண்டோ ஷுசாகுவின் ‘டீப் ரிவர்’ நம்மைப் போன்ற வாசகர்கள் தவறவிடக்கூடாத ஒன்று. 1993இல் வந்த நாவல். ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் சிலர் வாரணாசிக்கு வருகிறார்கள், அவர்கள் இங்கே இருக்கும்போதுதான் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்படுகிறார். மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் அவளுடைய மறுபிறப்பைத் தேடி வந்திருக்கிறார். நமக்குப் பழகிப்போன கங்கைக்கரையை இன்னொருவர் கண் எப்படிப் பார்க்கிறது என்று கவனிப்பது தனி அனுபவம். சில இடங்களில் உடன்பட முடியாது, அதுவும் நல்லதே.

7. ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றும்போது

தொடங்கியவர்களில் பலர் கைவிடும் இடம் இது. ‘ஸ்னோ கன்ட்ரி’யில் பத்துப் பக்கம் போயும் ஒருவன் ரயிலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எதுவும் நடந்திருக்காது. அந்தப் பக்கங்களைத்தான் மெதுவாகப் படிக்கவேண்டும். அந்தி நேரம், வெளியே குளிர், பெட்டியின் கண்ணாடி பனித்துப்போயிருக்கிறது. ஷிமமுரா விரலால் கண்ணாடியைத் துடைக்கிறான். அதில் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் தெரிகிறது, அவள் ஒரு நோயாளிக்குத் துணையாக வருகிறாள். வெளியே மலைகள் இருட்டிக்கொண்டு ஓடுகின்றன, முகம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு கணம் தூரத்து மலையில் எரியும் விளக்கொன்று அவள் கண்மணிமேல் சரியாக வந்து பொருந்துகிறது. அப்புறம் நழுவிவிடுகிறது.

ஷிமமுரா எப்படிப்பட்டவன் என்பது இதற்குள் சொல்லப்பட்டாகிவிட்டது. இவன் மனிதர்களை நேராகப் பார்க்கமாட்டான், கண்ணாடி வழியாக அழகாகத் தெரியும்வரை மட்டுமே பார்ப்பான். நாவல் முழுக்க இரண்டு பெண்கள் அவனிடம் படும் பாடு இந்த ஜன்னலிலேயே தொடங்கிவிட்டது. சம்பவத்தைத் தேடாமல் யார் எதைப் பார்க்கிறார்கள், எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது பக்கத்துக்குமேல் போகவேண்டாம்.

இந்த நிதானம் பிடிபட்டதும் தனிசாகி ஜுனிச்சிரோவின் ‘தி மகியோகா சிஸ்டர்ஸ்’ உங்களுக்குத் திறந்துகொள்ளும். எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் மொழிபெயர்ப்பு, 500 பக்கத்துக்கு மேல். ஒசாகாவின் நொடித்துப்போன ஒரு பெரிய வீட்டு நான்கு சகோதரிகள். மூன்றாமவள் யுகிகோவுக்கு வரன் பார்க்கிறார்கள். தரகு பேசுபவள் அவசரப்படுத்துகிறாள், இவர்கள் இழுத்தடிக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டைப்பற்றி ஆள் வைத்து விசாரிக்கிறார்கள், அவர்களும் இவர்களை விசாரிக்கிறார்கள். ஆண்டுக்கொரு விலங்கு என்ற கணக்கில் ராசியில்லாததாகக் கருதப்படும் ஆட்டு ஆண்டில் பிறந்தவள் என்பது ஒரு தடை, அவள் கண்ணுக்குமேல் அவ்வப்போது தெரியும் ஒரு மங்கலான தேமல் இன்னொரு தடை. பெண் பார்க்கும் சடங்கை வீட்டில் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அடிக்குறிப்பே வேண்டாம். மேற்கத்திய வாசகரைவிட நமக்கு இந்த நாவல் நெருக்கம் என்று உறுதியாகச் சொல்வேன். எந்தக் கொட்டுமேளமும் இல்லாமல், யுகிகோவின் வயிற்றுப்போக்கு ரயிலிலும் நிற்கவில்லை என்ற செய்தியோடு தனிசாகி நாவலை முடிக்கிறார். அதற்கு முன்னால் வரும் அத்தனை பக்கங்களையும் பொறுமையாகப் படித்தவருக்கு அந்த முடிவின் துணிச்சல் புரியும்.

சில நடைமுறைத் தகவல்கள். பழைய நாவல்களில் வயதைப் பிறந்ததும் ஒன்று என்று எண்ணி, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூட்டுவார்கள். ஆகவே பாத்திரங்கள் நாம் நினைப்பதைவிட ஓரிரு வயது இளையவர்கள். ஆண்டுகளை ஆட்சிப் பெயரால் சொன்னால்: மெய்ஜி 1868 முதல் 1912 வரை, தைஷோ 1926 வரை, ஷோவா 1989 வரை. நூறு சென் ஒரு யென். இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அடையாளத்தாளாகப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

8. உங்கள் மனநிலையைப் பார்த்து எடுங்கள்

இதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். தசாய் ஒசாமுவின் ‘நோ லாங்கர் ஹ்யூமன்’ இப்போது இளைஞர்களிடம் வேகமாகப் பரவுகிறது. பெரிய படைப்பு. டொனால்ட் கீன் 1958இல் மொழிபெயர்த்தது இன்றும் நிற்கிறது. ஆனால் தன்னையே அழித்துக்கொள்ளும் ஒருவனின் குரலில், அவனுக்குள்ளிருந்தே சொல்லப்படும் கதை அது. மனம் தளர்ந்திருக்கும் நாட்களில் அதை எடுக்கவேண்டாம். அகுதாகவாவின் கடைசிக் காலக் கதைகளுக்கும் இது பொருந்தும். அந்த நாட்களுக்கு ‘போச்சான்’ இருக்கிறது, ஒகாவா இருக்கிறார், செய் ஷோனகோனின் ‘தி பில்லோ புக்’ இருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசவையில் இருந்த ஒரு பெண் எழுதியது. எரிச்சலூட்டும் விஷயங்கள், அழகான விஷயங்கள் என்று அவர் போடும் பட்டியல்களை எந்தப் பக்கத்திலும் திறந்து படிக்கலாம். மெரிடித் மெக்கின்னி மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது.

9. அலமாரியில் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஜப்பானிய இலக்கியம் ஆகாது

தமிழிலும் அமோகமாக விற்கும் ‘இக்கிகய்’ இருவர் சேர்ந்து ஸ்பானிய மொழியில் எழுதிய சுயமுன்னேற்ற நூல். ‘மெமாய்ர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ ஓர் அமெரிக்கர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். கடைகளில் இரண்டும் கவபட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம் அட்டையில் பூனையும் காபிக் கோப்பையும் போட்ட ஆறுதல் நாவல்கள். ‘பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்’ வெற்றிக்குப் பின் குவியல் குவியலாக வருகின்றன. இவை உண்மையிலேயே ஜப்பானில் எழுதப்பட்டவை, ஒன்றைப் படிப்பதில் சுகமும் உண்டு. ஆனால் மூன்றாவதைப் படிக்கும்போது முதலாவது மறந்துவிடும். ஜப்பானிய எழுத்தென்றால் இவ்வளவுதான் என்று யாராவது நினைத்துவிட்டால் வருத்தமாக இருக்கும். பொழுதுபோக்காகத்தான் வேண்டுமென்றால் ஹிகாஷினோ கெய்கோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ எடுங்கள். கொலை செய்தவர் யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், ஆனாலும் கீழே வைக்க முடியாது.

10. புதிதாக வருவதைத் தெரிந்துகொள்ள

ஜனவரியிலும் ஜூலையிலும், ஆண்டுக்கு இரண்டு தடவை, அகுதாகவா பரிசும் நவோகி பரிசும் அறிவிக்கப்படும். இரண்டும் 1935இல் தொடங்கியவை. முதலாவது வளர்ந்துவரும் எழுத்தாளரின் இலக்கியப் படைப்புக்கு, இரண்டாவது பரவலாக வாசிக்கப்படும் கதைகளுக்கு. அறிவிப்பு வந்ததும் பெயரைக் குறித்து வையுங்கள், உடனே தேடவேண்டாம். ஆங்கிலத்துக்கு வர இரண்டு வருடமாவது ஆகும். முராதா 2016இல் பரிசு பெற்றார், ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது. பரிசுப் பட்டியலை மட்டும் நம்பியும் இருக்கவேண்டாம், முரகாமி ஹருகிக்கு அகுதாகவா பரிசு கிடைத்ததே இல்லை.

இன்னொரு நல்ல வழி, பிடித்த மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வது. ஜின்னி டாப்லி டகெமோரி, ஸ்டீபன் ஸ்னைடர், அலிசன் மார்கின் பவல், டேவிட் பாய்ட் ஆகியோர் பெயரைப் போட்டுத் தேடினால் நீங்கள் கேள்விப்படாத எழுத்தாளர்கள் வரிசையாக வருவார்கள்.

11. ‘தி டேல் ஆஃப் கெஞ்சி’க்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள்

கெஞ்சி என்ற அரசகுமாரனின் கதையைச் சொல்லும், ஆயிரம் ஆண்டுப் பழமையான முரசாகி ஷிகிபுவின் இந்தப் பெருநூலை முதல் நூலாக எடுக்கவேண்டாம். மேலே சொன்னவற்றில் பாதியையாவது படித்த பிறகு வாருங்கள். ஆர்தர் வேலியின் மொழிபெயர்ப்பு 1925இலிருந்து 1933வரை வந்தது. ஆங்கிலம் அழகு, ஆனால் 38ஆம் அத்தியாயமே அதில் இல்லை, பல இடங்களில் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சைடன்ஸ்டிக்கர் 1976இல் செய்தது தெளிவானது, வேகமாகப் போகும். ராயல் டைலர் 2001இல் செய்தது மூலத்தின் வழக்கப்படி ஆட்களைப் பெயரில்லாமல் பதவியால் குறிப்பிடுகிறது. பதவி மாறினால் அழைப்பும் மாறும், யார் எவர் என்று குழப்பும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் பாத்திரப் பட்டியலை வயதோடு கொடுத்திருக்கிறார், அடிக்குறிப்புகளும் ஏராளம். டென்னிஸ் வாஷ்பர்ன் 2015இல் செய்தது புதியவர்களுக்கு எளிது. முதல் தடவைக்கு சைடன்ஸ்டிக்கர் அல்லது வாஷ்பர்ன், இரண்டாம் தடவைக்கு டைலர் என்பது என் கணக்கு.

மொத்தம் 54 அத்தியாயம். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு வருடமும் இரண்டு வாரமும். கெஞ்சி கதைமாந்தர் உறவுமுறை விளக்கப்படம் ஒன்றை அச்சிட்டுக்கொண்டு, புதிய ஆள் வரும்போதெல்லாம் பென்சிலால் குறியுங்கள். 41ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு கெஞ்சி கதையில் இருக்கமாட்டான், அடுத்த தலைமுறை வந்துவிடும். கடைசிப் பத்து அத்தியாயங்கள் உஜி என்ற ஊரில் நடப்பவை. பலர் நாயகன் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பத்தையும் படித்துவிடுங்கள், நூலின் ஆழமான பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.